அசையாதே

தை பிறந்து மூன்றாம் நாள்.
கேத்திப் பள்ளத்தாக்கு இரவோடு இரவாக
நான் பிறந்த ஊர்ப்பக்கத்து உப்பளம்போல் கிடந்தது.

ஐந்துக்கு எழுந்தால்தான் சரிப்படும்.
வெயில் மேலேறுமுன் ஸ்பிரிங்க்ளரைத் திறந்து
உருளைச் செடிகளின் தலையைக் கழுவிவிட வேண்டும்,
இல்லையென்றால் இலையெல்லாம் தீய்ந்த அப்பளம்.
பாத்திக்குப் பத்து நிமிஷம், பிறகு குழாயை நகர்த்தணும்.
ஆறு பாத்தி.
அப்புறம் குக்கர்.
கேரட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு
ஏழு மணிக்குத் திரும்பும் மனிதருக்குச் சுடுதண்ணீர்.
அப்புறம் பெண்கள் ஐக்கியச் சங்கத்து நோட்டு,
நான்தான் செயலாளர்.
யார் ஜெபித்தார்கள், யார் வேதம் வாசித்தார்கள், காணிக்கை எவ்வளவு,
எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது.
நான் ஜெபித்தது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பொய். ஜெபித்தேன்.
கெத்சியாளுக்குச் சடை பின்னும்போது தினமும்.
பேருந்து எல்லநள்ளி தாண்டும் ஓசை கேட்கும்வரை
எனக்கும் ஆண்டவருக்கும் அவ்வளவு நேரம்.
பல்லிடுக்கில் ரிப்பன், கையில் சீப்பு:
‘ஸ்தோத்திரம் ஆண்டவரே,
இந்த நாளுக்காக, அசையாதே,
பிள்ளையைக் கண்மணிபோல, அசையாதேடி,
காத்து நடத்தி, இன்னொரு ரிப்பன் எங்கே,
ஆமென், ஓடு.’

வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை
ஜன்னல் இடுக்கில் இருந்தது.
குளிர்காற்று வராமலிருக்க
நான்காக மடித்து நான்தான் செருகினேன்.
என்ன வசனம் என்று கேட்டால் தெரியாது.
நல்ல தடித்த அட்டை.

அன்று, கம்பளித் தொப்பி, கம்பூட்ஸ், டார்ச்.
தாழில் கை வைத்தபோது
உள்ளறையில் பேச்சுக் குரல்.
இந்த நேரத்தில் விழிக்கிற பிள்ளையில்லை அவள்.
எட்டிப் பார்த்தேன்.
போர்வைக்குள் முழங்காலிட்டு
ஒரு சின்னக் கூடாரம்.
‘ஸ்தோத்திரம் ஆண்டவரே, அசையாதே.
கல்லாறு வளைவில் அப்பாவுக்குப் பனிமூட்டம் வேண்டாம், அசையாதே.
அம்மாவுக்குக் கால் வலி, அசையாதே.
ஆமென்.’

அல்லேலூயாபோல
அதுவும் ஒரு வேத வார்த்தை என்று நினைத்திருக்கிறாள்.
‘ஓடு’ மட்டும் சொல்லவில்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது.
சிரித்து முடிப்பதற்குள்
முழங்கால் தரையைத் தொட்டிருந்தது, கம்பூட்ஸோடு.
டார்ச்சை அணைக்க மறந்துபோனேன்.
சுவரில் ஒரு வெளிச்ச வட்டம் நடுங்கியது,
நடுங்கி நடுங்கி
நின்றது.
என்ன ஜெபித்தாய் என்று கேட்காதீர்கள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அதுவரை அவரைப் பேசவே விட்டதில்லை நான்.

எவ்வளவு நேரம் என்றால், இரண்டு பாத்தி நேரம்.
கடைசி இரண்டும் கருகின.
இதை மறைக்க மாட்டேன்.
சாட்சிக் கூட்டத்தில் சொன்னால்
‘அப்புறம் தளிர்த்ததா சுகிர்தம்?’ என்பார்கள்.
தளிர்க்கவில்லை.
ஞானசிகாமணி வந்து ஓர் இலையை நொறுக்கி முகர்ந்தார்.
‘எழுந்திரிக்கலையா?’
‘எழுந்தேன். முழங்கால் போட்டேன்.’
மனிதர் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு கணக்குப் போட்டார்:
மூன்று மூட்டை போச்சு.

சாயங்காலம் இடுக்கிலிருந்து அட்டையை உருவினேன்.
பனி ஊறி, மடிப்பில் எழுத்து உதிர்ந்து
பாதி வசனம்தான் மிச்சம்.
மீதியைத் தேட
வேதாகமத்தைத் திறக்க வேண்டியதாயிற்று.
இடுக்கு வழியே குளிர் வந்தது.
கெத்சியின் பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி அடைத்தேன்.

இப்போது நாலரைக்கு எழுகிறேன்.
தினமும் என்று சொல்ல மாட்டேன்.
போன வியாழன் தவறியது, கேஸ் தீர்ந்த அன்றும்.
சடை பின்னும்போது ஜெபிப்பதில்லை.
அவள் வகுப்புச் சண்டையெல்லாம் சொல்கிறாள்,
கேட்கிறேன்.
சிக்கு எடுக்கையில் மட்டும்
பழக்கத்தில் வாய் தவறி வந்துவிடுகிறது, ‘அசையாதே.’

உடனே அவள்
கண்ணை மூடிக்கொள்கிறாள்.