பந்தி நாற்பத்திரண்டு

சாவியை வாங்கி ஒப்பமிட்ட அன்றே
உரிமையாளர் வீட்டை உள்ளபடி ஏற்றுக்கொண்டார்
என்கிறது தீர்ப்பாயம்.

அன்று பங்குனி, ஐயா.
கோண்டாவிலில் ஒரு முகில் இல்லை.
பங்குனியில் எந்தக் கூரையும் நல்ல கூரைதான்.

ஐப்பசியில் கசிந்தது.
அடுத்த ஐப்பசியில் உள்ளே கம்பிகள் துருவேறி வீங்கின.
ஒரு வெள்ளி காலை, இடியப்பம் அவியும் நேரம்,
தட்டிலிருந்து சட்டி அளவு கொங்கிறீற்
கட்டிலில் விழுந்தது,
மகன் எழும்பிப் போன
சூடு ஆறாத குழியில்.

நான் பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளர்.
துண்டை இடித்தேன், வடித்த நீரில் கலக்கி வடிகட்டினேன்,
ஒரு சொட்டு நைத்திரிக்கமிலம்,
பிறகு வெள்ளி நைத்திரேற்று.
தயிராய்த் திரண்டது.
உப்பு.
கழுவாத கடல்மணல்.
என் வீட்டைக் கருவாடு போட்டிருக்கிறார்கள்.
கருவாடென்றால் கெடாமலாவது கிடக்கும்.

சோதனைக் குழாயோடு விசாரணைக்குப் போனேன்.
நடுவில் இருந்தவர் கேட்டார்:
நீங்கள் பொறியியலாளரா?
இல்லை.
குழாய் பதிவில் இல்லை.
அந்த இல்லை மட்டும் பதிவில் இருக்கிறது.

"மேன்முறையீட்டில் புதுச் சான்று எடுக்கமாட்டினம் அக்கா,"
என்றாள் சட்டத்தரணி யசோதினி.
"வீட்டு வெடிப்பை விடுங்கோ.
தீர்ப்பில் வெடிப்பு இருக்கோ பாப்பம்."

அறுபது நாளில் நாற்பத்தேழு போயிருந்தது.
ஈரக் குடைகளை வாசலில் விரித்துவிட்டு
முப்பது பக்கத்தையும் தட்டித் தட்டிப் பார்த்தோம்,
மேசன்மார் பூச்சைத் தட்டிக் காது வைப்பதுபோல.
நாற்பத்திரண்டில்
கோறைச் சத்தம் கேட்டது.

ஆனால் அதை எப்படி எழுதுவது
என்று தெரியாமலே இரண்டு நாள்.

திருநெல்வேலிச் சந்தையில்
கொந்தராத்துக்காரர் தவநேசன் எதிர்ப்பட்டார்.
"எப்பிடித் தங்கச்சி, வீடு சுகமோ?"
வீடென்றால் அவர் எனக்குக் கட்டித்தந்த மாப்பிள்ளைபோல.
நான் வெண்டிக்காய் நுனி முறித்துக்கொண்டு நின்றேன்.
"இதை முறிச்சுப் பாத்து வாங்கலாம் அண்ணை.
நீங்கள் தந்ததை எப்பிடி முறிக்கிறது?"
அவர் சிரித்தார். அவர் நல்லாய்ச் சிரிப்பார்.
நான் காசைக் கொடுக்க மறந்து
யசோதினிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

இப்போது அது ஆறாம் நியாயம்:
பார்க்க இயலாத குறையை
எவரும் பார்த்து ஏற்க இயலாது.
வெண்டிக்காயை எடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வீதித் தட்டச்சுக் கடையில்
மனு அச்சாகி வந்தது.
ஒன்பதாம் பக்கம்:
"படுக்கையறைத் தட்டில் தொடர்ச்சியான கனிவு காணப்படுகிறது."
கசிவு என்று எழுதிக் கொடுத்தது.
பதினேழு மாதத்தில் முதல்தடவை
வாய்விட்டுச் சிரித்தேன்.
அப்படியே இருக்கட்டும், கூரை வெட்கப்பட்டாவது திருந்தட்டும் என்றேன்.
யசோதினி கேட்கவில்லை, வெள்ளை மை பூசினாள்.
ஊதமுன்பே காய்ந்தது.

ஐம்பதாம் நாள் பாரப்படுத்தினோம்.
வங்கித் தவணை மாதம் ஐந்தாம் திகதி.
வழக்குத் தவணை இன்னும் போடவில்லை.

கட்டிலை யன்னல் பக்கம் இழுத்துவிட்டேன்.
அது இருந்த இடத்தில் ஒரு கிடாரம்.
இரவில் மகன் எண்ணுகிறான்:
முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று

பிறகு உறங்கிவிடுகிறான்.