எடைமேடையில் பூஜ்யம்

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் அது:
ஐயாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது வெள்ளி.
அந்த ஒரு வெள்ளியை விட்டுக்கொடுத்த பெருந்தன்மையை
வெய் ஜியே மூன்று முறை சொல்லிவிட்டான்.
தவணை என்றால் மாதம் இருநூற்று நாற்பத்தொன்பது,
இருபத்து நான்கு மாதம்.
நான் எடைமேடைக் கிராணி.
மனக்கணக்கு எனக்குப் பிடித்துவிட்ட நோய்.
நானூற்று எழுபத்தேழு வெள்ளி கூடுதல்.
பொறுமையின் விலை அது.
யாருடைய பொறுமை என்று அவன் சொல்லவில்லை.

என் பழையது
வயரை இடப்பக்கம் சாய்த்து
மேலே பால் டின்னை வைத்தால்தான் சார்ஜ் ஏறும்.
திரையின் விரிசல் 'ற'வின் மேல் ஓடுவதால்
'வருகிறேன்' என்று நான் யாருக்கும் எழுதுவதில்லை.
'வரேன்' போதும்.
மற்றபடி பேசுகிறது, கேட்கிறது,
விடிகாலை ஐந்தேகாலுக்குக் கத்துகிறது.
இதற்கு என்ன குறை என்று என்னையே கேட்டேன்.
பதில் சொல்லாமல்
மறுபடியும் கடைக்குப் போனேன்.

"சுபா லா, காக்."
தொட்டுப் பார் என்று கையில் வைத்தான்.
சாலையைத் தாண்டி, நிலையத்தின் கடைசிப் பெஞ்சில்
ஒரு வங்காளதேசத்துப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.
விரலால் இழுக்க இழுக்கப் பக்கத்தில் வந்தான்.
இமையில் செம்பனைப் பூந்தூள்.
சட்டைப்பையில் துருத்திய டிக்கெட்டில்
ஜொகூர் பாரு.
தெரியக்கூடாததைத் தெரிந்துகொண்ட கூச்சத்தில் இறக்கினேன்.
பிறகு
இன்னொரு முறை பார்த்தேன்.

அன்றிரவு ஆசை வந்துவிட்டது. தேவை வரவில்லை.
இரண்டும் ஒரே பேருந்தில் வரும் என்று
நான் காத்திருந்ததுதான் தப்பு.

ஆலையில் என் வேலை எளிது.
லோரி நிறையாய் ஏறும், எழுதுவேன்.
காலியாய் ஏறும், எழுதுவேன்.
கழித்தால் வருவது குலை.
மற்றதெல்லாம் இரும்பு, டீசல், டிரைவரின் தொப்பை.
எடைச்சீட்டின் பின்பக்கத்தில்
இதையும் அப்படிக் கழித்துப் பார்த்தேன்.
கண்ணாடிப் பெட்டி போக,
கடைக்குள் அடித்த குளிர் போக,
நாத்தனார் மகள் கல்யாணத்தில்
எல்லார் கையிலும் இது இருந்தது போக,
மிச்சம் ஒரு பையனின் இமை.
அதற்கு எண் எழுத வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, தவசீலன்
சன்னல் வழியே நீட்டினான்:
அதே நீலம், அதே மூன்று கண்.
"வாங்கிட்டேன் கிராணி. தவணைதான்."
லோரி இறங்கியதும் விளையாட்டாக
மேடையின் நடுவில் அதைக் கிடத்தினோம்,
குழந்தையை நிறுப்பது போல.
சிவப்பு எண்கள் அசையவில்லை.
பத்துக் கிலோவுக்குக் கீழே எல்லாமே
இந்த மேடைக்குக் காற்று.
"பாத்தீங்களா, பாரமே இல்ல!"

நானும் சிரித்தேன்.
சீட்டடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது.
போன மாதம் நாளுக்கு மூன்று நடை.
இந்த மாதம் நான்கு.
நான்காவது சீட்டில் நேரம் இரவு ஒன்பது நாற்பது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.
அந்த நான்காம் நடைக்கு வரிசையில் நிற்கும்போது
லோரிப் படியில் உட்கார்ந்து
ஆலைப் புகைக்கு மேலிருக்கும் நிலவை
இழுத்து இழுத்து மடிக்குக் கொண்டுவருகிறான்.
அப்போது அவன் முகம் இருக்கிறதே,
அதை நிறையில் எழுதுவதா, காலியில் எழுதுவதா?

சனிக்கிழமை மறுபடி பகாவ்.
என்னைக் கண்டதும் வெய் ஜியே பெட்டிச் சாவியை எடுத்தான்.
பழையதை மேசையில் வைத்தேன்.
சார்ஜ் துளை மாற்ற அறுபது.
திரைக்கு நூற்றைம்பது.
துளை போதும் என்றேன். 'ற' இல்லாமல் பழகிவிட்டது.
அரை மணி நேரம் ஆகும்.
"அதுவரைக்கும் அதைக் கொஞ்சம் கொடு."
சிரிக்காமல் கொடுத்தான்.

கடைசிப் பெஞ்சு காலி.
அதையே இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
ஒவ்வொரு ஆணியாக.