கெட்டில் பெட்டி

கிரிம்ஸ்பி. தேவாலயத்தின் பின்னறை.
படிவத்தில் 'உணவுப் பாதுகாப்பின்மை' என்றொரு கட்டம்.
பேனாவை வைத்துவிட்டு
எடுத்துக்கொண்டாள் க்ளெனிஸ்.

மீன் ஆலை மூடிய வாரம்
அவள் சொன்னது 'ஸ்கின்ட்'.
உரித்தாயிற்று, தோலும் மிச்சமில்லை.
பப்பில் சிரித்தபடி சொல்லலாம் அதை,
கடன் கேட்காதவரை.

வாடகைக்கு வருபவனிடம் 'ஷார்ட்':
இந்த வாரம் கொஞ்சம் குட்டை.
ஓவெனின் பள்ளிக் கால்சட்டையும் குட்டைதான்,
கணுக்கால் தெரிகிறது.
மாதம் மட்டும் நெட்டை.

"அடுப்பு எரியுமா?" என்றார் தன்னார்வலர்,
தலை நிமிராமல்.
மின்மீட்டரில் முப்பத்தொரு பென்ஸ்.

வெந்நீர் ஊற்றினாலே வெந்துவிடும்
நூடுல்ஸ், சூப், உடனடி உருளைக்கிழங்கு:
அந்தப் பெட்டிக்கு இங்கே
'கெட்டில் பெட்டி' என்று பெயராம்.

புதுச் சொல்.
பேருந்து நிறுத்தம்வரை
வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.
ஓவெனிடம் சொல்ல
வேறொன்று தேட வேண்டும்.