கவிழ்ந்த வரிசையில்

தொப்பூர் இறக்கத்தில், இரட்டைப் பாலத்துக்கு முந்திய வளைவில்
விடியற்காலை மூன்று பத்துக்கு
ஒரு லாரி புத்தகம் கவிழ்ந்தது.
ஓசூர்க் கண்காட்சியில் விற்காமல்
சிவகாசிக்குத் திரும்பிய சரக்கு.
பிரேக் கருகிய நாற்றம், அதற்கடியில்
யாரும் பிரிக்காத தாளின் வாசனை.

போன மாதம் பீர் லாரி சாய்ந்தபோது
ஐந்தே நிமிடத்தில் ரோடு துடைத்த மாதிரி இருந்தது.
இன்றும் ஓடிவந்தார்கள்
செல்போன் வெளிச்சத்தோடு, கோணிப்பையோடு.
ஒருவர் ஒன்றை எடுத்துப் புரட்டி
"அட, எழுத்துடா" என்றார்.
புத்தகங்களைக் கொட்டிவிட்டு
அட்டைப்பெட்டிகளை மட்டும் கொண்டுபோனார்கள்,
மாங்காய் அடுக்க ஆகுமாம்.

டிரைவர் வெயிலுமுத்துவுக்குக் காலும் இடது கையும் போயிற்று.
உயிர் இருந்தது.
கிரேன் வாடகை கேட்டபோது பதிப்பகத்துக்காரர்
"பணமா இல்ல தம்பி, சரக்கா வெச்சுக்குங்க" என்றார்.
என் முதலாளி அதை என் சம்பளத்தில் கழித்தார்.
எட்டுக் கட்டு.

கேபினில் காத்திருப்பதுதான் என் வேலை.
எவனோ டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கினால்தான்
எனக்குச் சோறு.
அந்தக் காத்திருப்பில் படித்தேன்.
எது முந்தி, எது பிந்தி, சொல்ல ஆளில்லை.
கட்டுக்குள் கை போன வரிசை.

மண்புழுவுக்குக் கண் கிடையாது, வெளிச்சம் தெரியும்.
அது திங்கட்கிழமை.
மறுநாள் பனியில் புதைந்த ஊரில் ஒருவர்
செத்துப்போன குதிரைக்குக் கடிதம் எழுதினார்.
சித்திரை வெயிலில் கேபின் தகரம் கொதிக்க
எனக்குக் கால்விரல் விறைத்தது.
நிலத்தடி நீர் பற்றி ஒன்று.
அதில் அறுபத்திரண்டாம் பக்கத்தில் என் பல் இருந்தது!
மூன்று பெண் வீட்டார் வெற்றிலைக் கறை என்று நினைத்து
எழுந்துபோன பழுப்பு வரிக்கு
ஃப்ளோரைடு என்று பெயராம்.
பாலக்கோட்டுக் கிணறு எழுதிய எழுத்தை
அன்றுதான் படித்தேன்.
ஒரு கவிதைப் புத்தகம், அது மட்டும் முப்பத்தொரு பிரதி. பாவம்.
மூன்று வரிதான் புரிந்தது.
அந்த மூன்றும் என்னை விடமாட்டேன் என்கின்றன.

அப்புறம் அந்தக் கொலை.
கடைசிப் பதினாறு பக்கம் டீசலில் ஊறி
செங்கல்லாகிவிட்டது.
பிரித்தால் எழுத்து விரலோடு வருகிறது.
தருமபுரி நூலகத்தில் போய்க் கேட்டேன். இல்லை.
"வேற என்ன மாதிரி படிப்பீங்க?" என்றார் கவுண்டரில் இருந்த பெண்.
எனக்குத் தெரிந்தால்தானே.
"கவிழ்ந்ததை" என்றேன்.

திரும்பும் வழியில் பெரியாஸ்பத்திரி.
"பன்னெண்டு வருசமா ஏத்துறேன், ஒண்ணக்கூடப் பிரிச்சதில்ல,
லோடுன்னா லோடுதான" என்றார் வெயிலுமுத்து.
மின்விசிறியைப் பார்த்தபடியே
"ஒண்ணு கொண்டாங்க,
ஒத்தக் கையில பிடிக்கிற கனத்துல."

அன்றிரவு எட்டுக் கட்டையும் அவிழ்த்தேன்.
எனக்கென்று எடுத்தபோது கை தயங்கியதில்லை.
கால் உடைந்தவனுக்குக் குதிரையா?
படுத்தே கிடப்பவனுக்கு மண்புழுவா?
கவிதையைக் கொடுத்து
அந்த மூன்று வரியும் அவருக்குப் புரியாமல் போனால்?
இரண்டு லாரி தூக்குகிற நேரம் போயிற்று.
கடைசியில் கொலையைக் கொடுத்தேன்.
முடிவு இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

நான்காம் நாள் ராத்திரி போன்.
"தபால்காரன்தான்யா கொன்னது."
"இல்லை, கொழுந்தியா. நனைஞ்ச செருப்பை மறந்துட்டீங்களே."
"செருப்பா? அது எத்தனாவது பக்கம்?"

மேல் வளைவில் ஒரு லாரி
கியரிலேயே உறுமி உறுமி இறங்குகிறது.
நல்ல டிரைவர். எனக்கு வேலை இல்லை.
போனில், ஒற்றைக் கையால்
தாள் புரட்டும் சத்தம்.
"இருங்க" என்கிறார்,
"வெச்சிராதீங்க."