பதினேழாம் பொட்டு

செவ்வாய்க்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரியில்
முதுகில் முப்பது பொட்டு ஒட்டி
ரெண்டு நாளைக்கு நனையக்கூடாது என்றார்கள்.
தலவாக்கலையில். ஜூலையில்.

ரெண்டு நாள் பேரும் போச்சு.
லயத்துக்குள் சுவரில் சாயாமல் உட்கார்ந்து
கூரைத் தகரத்தில் மழை கொழுந்தெடுப்பதைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடுப்பில் கட்டும் றப்பர் சீட்டில்தான் என் சந்தேகம்.
"பதினோரு வருசம் கட்டினியே,
அப்பல்லாம் ஒன்னும் வரல்லியே"
என்றாள் பக்கத்துக் காம்பரா சவுரியம்மா.
அதையே டொக்டரிடமும் கேட்டேன்.

கிளினிக் கொப்பியின் பின்பக்கம்
வட்டம் வட்டமாய்க் கீறி
உடைந்த தமிழில் சொன்னார் நிலுஷி டொக்டர்:
தோலுக்குள் காவல் நிற்கும் கலம் ஒன்று
என்றைக்கோ றப்பரை எதிரி என்று
எழுதி வைத்துக்கொண்டது.
எழுதியதை உனக்குச் சொல்லவில்லை.
இனித் தொட்டால், ரெண்டு நாள் கழித்து
ஆள் திரட்டிக்கொண்டு வரும்.

பிறகு ஓரமாய் நாலைந்து சின்ன வட்டம்.
இவை சண்டை போடுவதில்லை.
சண்டைக்குள் போய்ப் போதும், போதும் என்கிறவை.
இவை இல்லாவிட்டால் ஒரு தடிப்பும் லேசில் வடியாது.

போதும் என்பதற்கென்றே ஆள்!
எங்கள் தோட்டத்தில் அதைச் சொல்வது
நாலரைச் சங்கு மட்டும்தான்.
அதுகளுக்கு யார் உத்தரவு போடுவது என்றேன்.
பேனையை மூடிச் சிரித்தார்.
பாதிதான் தெரியுமாம்.

வியாழன் பொட்டுகளை உரித்தார்கள்.
சனிக்கிழமை மறுபடி பார்த்தார்கள்.
பதினேழு மட்டும் சிவந்து கொப்பளித்திருந்தது. றப்பர்.
மற்ற இருபத்தொன்பதையும்
தோட்டின் நிக்கல், சவர்க்கார வாசனை,
பேர் தெரியாத ஒரு பசை எல்லாவற்றையும்
அடையாள அட்டை கேட்காமல்
இருந்துவிட்டுப் போ என்று விட்டிருக்கிறது என் தோல்.
செக்பொயின்ட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நின்ற நாட்களில்
எனக்குக் கிடைக்காத மரியாதை.

திங்கள் மலைக்குப் போனேன்.
சீட்டுக்குப் பதில் கோதுமைமாச் சாக்கை
ரெண்டாய் மடித்துத் தைத்துக் கட்டியிருந்தேன்.
பத்து மணிக்குள் தொடை வரை ஈரம்.
குளிரைத் திட்டினேன். அரிப்பை இல்லை.

ராத்திரி, கை எட்டாத இடத்தில்
பதினேழு இன்னும் தினவெடுக்கிறது.
சொறியாமல் குப்புறப் படுத்திருக்கிறேன்.
உள்ளே யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள்,
கையில் சங்கு இல்லாமல்.