எந்த வெளிச்சத்தில்

பனச்சமூட்டில் கரண்ட் போனால்
ரோட்டுக்கு அந்தப் பக்கம் பேக்கரி எரியும்.
அது கேரளத்துக் கரண்ட்.
இந்தப் பக்கம் என் மேசைக்கடியில்
யுபிஎஸ் கீச்சிடுகிறது. மணி இரண்டே கால்.
இருபத்திரண்டாவது சார்ட்.

பெண். வயது முப்பத்து நாலு.
பெயரிருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை.
ஆறு வாரத் தலைவலி, கண் நரம்பில் வீக்கம்.
இடுப்பெலும்பு மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஊசி.
திறந்தபோது அழுத்தம் முப்பத்தெட்டு,
மூடியபோது பதினேழு.
இருபத்தெட்டு மில்லி, தெளிந்த நீர்.
நோயாளி நன்றாகத் தாங்கிக்கொண்டார்.

தாங்கிக்கொண்டதற்கு எண் கிடையாது.

சோதிக்க எடுத்தால் 62328.
வடிக்க எடுத்தால் 62329.
அதே ஊசி, அதே துளை, அதே நீர்;
குத்தியவர் மனதில் என்ன இருந்தது என்பதில்தான்
கடைசி இலக்கம் மாறும்.
இது வடித்ததுதான். அழுத்தம் இறங்க இறங்க
நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார்.
அதை எழுதியும் வைத்திருக்கிறார், புண்ணியவான்.

ஆனால் ஊசி போன வழிக்கு அவர் எழுதியது
‘படத்தின் துணையோடு’.
அவ்வளவே.

எந்தப் படம்?
ஓடும் எக்ஸ்ரேயோ சி.டி.யோ என்றால்
படமும் கூலிக்குள் அடக்கம்,
77003 என்று தனியாக நீட்டினால் தட்டிவிடுவார்கள்.
அல்ட்ராசவுண்ட் என்றால் கணக்கே வேறு:
வடித்ததற்கு 62272, பார்த்ததற்கு 76942.
அதற்கும் ஒரு படமாவது
சேமித்திருக்க வேண்டும்.

எழுதாதது நடக்காதது.
ஆடிட்டர் ஷைலஜாராணி முதல் நாள் சொன்னது.
‘நம்ம வேதத்துல ஒரே வசனந்தான்’ என்று சிரித்தார்.

படமே இல்லை என்று 62272 போட்டுத் தள்ளலாம்.
ராத்திரிக்கு முப்பது சார்ட் ஆகிவிடும்,
யாரும் கேட்கமாட்டார்கள்.
ஆனால் பார்த்துத்தான் குத்தியிருக்கிறார்.
ஊசி ஒரே முயற்சியில் போயிருக்கிறது.

டாக்டருக்குக் கேள்வி எழுதுகிறேன்.
பதிலைக் கேள்விக்குள் ஒளித்து வைக்கக் கூடாது.
‘எக்ஸ்ரேதானே?’ என்று கேட்டால்
‘ஆமாம்’ என்றுதான் வரும்,
மனிதர்கள் களைத்திருப்பார்கள்.
மூன்று தரம் அழித்து எழுதினேன்.

மூன்றரைக்கு ஏசுவடியான் எழுந்தார்.
ரப்பர் வெட்டு. இருநூற்றெண்பது மரம்.
விளக்கை நெற்றியில் வைத்து வாரை இறுக்கிக்கொண்டே,
‘பேட்டரி எரநூத்தி அறுவது ரூவா’ என்றார்.
‘மொதலாளிகிட்ட கேட்டீரா?’
‘கேட்டேன். வெட்டுக்கூலியில எல்லாம் அடக்கமாம்.
வெளிச்சம் ஒனக்குத்தானே வேணும்,
மரத்துக்கா வேணும்னு கேக்குதாரு.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
‘உமக்கும் 77003-ஐத் தள்ளிட்டாவ.’
‘அது ஆரு?’ என்றார் அவர்,
செருப்பைத் தேடியபடி.

ஜன்னலில் பார்த்தேன்.
அந்தப் பொட்டு வெளிச்சம் சரிவில் ஏறி
மரத்துக்கு மரம் நின்றது.
ஒவ்வொரு மரத்திலும் ஒரு கீறல்,
ஒரு சிரட்டை, கொஞ்ச நேரம்.
ஆழம் தப்பினால் மரம் கெடும்.
அதற்குத்தான் விளக்கு.

அங்கே இப்போது சாயங்காலம்.
கறுப்புப் பட்டைக்குக் கீழே இருப்பவள்
மல்லாந்து படுத்திருக்கலாம்,
கூரையில் உள்ள எழுத்தையோ ஈயையோ
முதல் தடவை ஒன்றாகவே பார்த்துக்கொண்டு,
இரண்டாகத் தெரியாமல்.
இது சார்ட்டில் இல்லை. ஆகவே நடக்கவில்லை.

கரண்ட் வந்தது, யுபிஎஸ் அடங்கியது.
நிறுத்தி வைத்ததற்குக் காரணம் கேட்கும் கட்டத்தில்
‘எந்த வெளிச்சத்தில் என்று தெரியவில்லை’ என அடித்தேன்.
பிறகு அழித்துவிட்டு
‘பட முறை குறிப்பிடப்படவில்லை’ என்று போட்டு
அடுத்ததைத் திறந்தேன்.
ஆண். வயது ஏழு. காது.