முழுப்பேர்

டிக்கோயா ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
ஒரு நீள வராந்தா.
இரண்டு முனையிலும் இரண்டு கதிரை,
நடுவில் முப்பது மீட்டர் சிவப்புச் சிமெந்து.
ஆறு நிமிஷம் நடக்க வேண்டும்.
நிற்கலாம், சுவரைப் பிடிக்கலாம்,
கடிகாரம் மட்டும் நிற்காது
என்றார் தில்ருக்ஷி மிஸ்,
புத்தகத்தில் படித்த தமிழில்.

முதல் வியாழன் நான் நடந்தது
நூற்றி எண்பது மீட்டர்.
எழுதிக்கொண்டார்.
முப்பத்தொரு வருஷம் தராசுக்கு முன்னால் நின்ற பழக்கம்,
வாய் கேட்டுவிட்டது:
"அரைப்பேரா மிஸ், முழுப்பேரா?"
அவருக்கு விளங்கவில்லை.
சுவரில் சாய்ந்திருந்த மாணிக்கவேல்
சிரிக்கப் போய் இருமி
இருமலுக்கு நடுவே சொன்னார்:
"இங்க பேர் வெட்டமாட்டாங்க ஆராயி."

அவருக்கு ஸ்டோரில், சல்லடைக்குப் பக்கத்தில் வேலை.
கோப்பைக்குப் போகாத தூளெல்லாம்
தன் நெஞ்சில் கிடக்கிறது என்பார்.
சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருக்கும்.
ஜெமால்தீன் நானாவுக்கு இதயம்.
பிளந்து தைத்த கோடு
மேல் பொத்தானுக்கு மேலே எட்டிப் பார்க்கும்.
அட்டனில் செருப்புக் கடை.
எங்கள் பாதத்தைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார்.

அரைக் கிலோ மணல் நிரப்பிய தண்ணீர்ப் போத்தல்.
தூக்குங்கள், இறக்குங்கள், பத்துத் தரம்.
இருபது கிலோ கொழுந்தோடு
அட்டை கடிக்க மலை இறங்கிய தோள் இது.
ஏழாவது தரம்வரை வெட்கமாக இருந்தது.
எட்டாவதில்
வெட்கப்பட மூச்சில்லை.

பிறகு அந்தப் பாடம்.
மூக்கால் இழுங்கள்.
உதட்டைக் குவியுங்கள்.
மெல்ல ஊதுங்கள்,
இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம்.
எனக்கா?
லயத்துக் காம்பராவில் ஈர விறகின் முன்னால்
விடியாத நாலரை மணிக்கு
நாற்பது வருஷம் குவித்த உதடு.
ஊதுகுழல் இல்லாமலே பற்றவைப்பேன்.
"தீ பிடிச்சிருச்சா மிஸ்?" என்றேன்.
இதுவும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார்.

படத்தை ஜன்னலில் பிடித்து டாக்டர் காட்டிய அன்று
நெஞ்சு முழுக்கக் கறுப்பு.
அடுப்புக் கரியா என்று கேட்டேன்.
கரியில்லையம்மா, காற்று,
புகை கெடுத்த நெஞ்சுக்குள்
வெளியே வர வழியில்லாமல்
மாட்டிக்கொண்ட காற்று என்றார்.
அன்றிரவு அதை நினைத்துத் தூங்கவில்லை.
உள்ளே காற்று இருக்கிறது,
நான் காற்றுக்குத் தவிக்கிறேன்.
இதற்குத்தான் குவிந்த உதடு:
கதவை மெல்லத் திறந்து
ஒவ்வொன்றாய் வெளியே அனுப்ப.

மகன் கேஸ் அடுப்பு வாங்கித் தந்தான்.
சிலிண்டர் விலை ஏறிய மாதம்
அதன் மேல் அரிசி வாளியை வைத்தோம்.
இப்போது மருமகள் ஊதுகிறாள்.
"கதவைத் திறந்து வச்சுட்டு ஊது!"
வாசலிலிருந்து சத்தம் போட்டேன்.
போட்ட பிறகுதான் தெரிந்தது,
சத்தம் போடுமளவுக்கு
மூச்சு வந்திருக்கிறது.

எட்டாவது வியாழன் இருநூற்றி நாற்பது மீட்டர்.
நானா வரவில்லை. மழையில் பஸ் இல்லையாம்.
மாணிக்கவேல் போன வாரத்தைவிடக் குறைவு.
அவர் எண்ணைக் கேட்கவில்லை,
நானும் பேரைப் பற்றிக் கேட்கவில்லை.

ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு
நூற்றி நாற்பத்தாறு படி.
தை மாதம் ஒன்பது இடத்தில் நின்றேன்:
மாடன் கல், உடைந்த லாம்புக் கம்பம்,
பிள்ளைக் காம்பரா, அப்புறம்
பேரில்லாத இடங்கள்.
இன்றைக்கு நாலே இடம்.
கடைசி இடம் பீலியடி.
தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.
மேலிருந்து குடத்தோடு இறங்கிய ராசம்மா
முகத்தைப் பார்த்துப் பதறினாள்:
"என்னக்கா, ஏலலையா?"

"ஏலும்டி.
சும்மாதான் நிக்கிறேன்."